பூசை ரசத்தின் நிறம்

இன்று காலை அலமாரியை ஒழித்தபோது உன் கண்ணாடிப் புனல் கையில் தட்டுப்பட்டது. எத்தனை கழுவியும் அதன் கழுத்தில் அந்தப் பழுப்புக் கறை போகவில்லை. முகர்ந்து பார்த்தேன். உப்பும் துருவும் கலந்த வாடை. ஒருவேளை துறைமுகக் காற்றாகவும் இருக்கலாம். ஏலே, இந்த ஆஸ்பத்திரி ஆய்வறையில் இப்போது நான் மட்டும்தான்.

மணப்பாட்டில் உன் தங்கை பிள்ளை பெற்று, உதிரம் நிற்காமல் செத்துப்போனாள். உன் ரத்தமும் அவளுக்குச் சேரவில்லை, என் ரத்தமும் சேரவில்லை. அடக்கம் முடிந்து வந்ததுமே வேலையைத் தொடங்கிவிட்டாய்.

"சண்டை போடுதது ரத்த அணுவோட தோலுதாம்லே. உள்ள இருக்க சிவப்புக்குக் குரூப்பு கிடையாது. அத மட்டும் எடுத்துட்டா யாருக்கும் ஏத்தலாம்."

நம் இருவர் கையிலும் எடுத்த ரத்தத்தை உப்புநீரில் அலசி, காய்ச்சி வடித்த நீரில் அணுக்களை உடைத்து, தோல் நீங்கும்வரை வடிகட்டினோம். யுத்த காலம், வடிதாளுக்கும் தட்டுப்பாடு. கடைசியில் தெளிந்த சிவப்பாக ஹீமோகுளோபின் மட்டும் நின்றது.

குப்பியை ஐஸ் பெட்டியில் வைத்தோம். வெயிலுக்குப் புளிக்காமலிருக்க, பூசைக்கான திராட்சை ரசத்தையும் ஆஸ்பத்திரிக் கோயிலைக் கவனித்த கன்னியாஸ்திரி சிஸ்டர் அதில்தான் வைப்பார். ஒரு ஞாயிறு நம் குப்பியை மாற்றி எடுத்துப் போய்விட்டார். பீடத்தடி வரை ஓடி நீ அதை மீட்டாய்.

"இது ஏற்கெனவே ரத்தந்தான் சிஸ்டர். சாமியாருக்கு வேல இல்ல."

பூசையில் குருவானவர் ரசத்தை ஆண்டவரின் ரத்தமாக்குகிறார் என்று நம்புகிறவர்; அதன்பிறகு உன்னிடம் முகம் கொடுத்துப் பேச வெகுநாளாயிற்று.

முதலில் எனக்கு ஏற்று என்று கையை நீட்டினேன். "ஒனக்கு ஒங்கம்மா இருக்கா. எனக்கு யாருலே இருக்கா?" என்றாய். நான் இருந்தேன். அது உனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் வார்டுக்குப் போயிருந்த நேரத்தில் நீயே ஏற்றிக்கொண்டாய். சாயங்காலம் இடுப்பைப் பிடித்தபடி மூத்திர ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாய். கருஞ்சிவப்பு. "பாத்தியாலே, சிஸ்டர் சரியாத்தான் எடுத்துட்டுப் போயிருக்காவ. பூசை ரசந்தான்." இருவரும் சிரித்தோம். பிறகு மூத்திரமும் குறைந்து, அடியோடு நின்றுபோனது.

முகம் வீங்கிக் கண் திறக்க முடியாதபோதும் வேலைப் பேச்சுதான். "அந்தச் சிவப்பு ரொம்பச் சின்னதா இருக்குலே, கிட்னியில ஒழுகிருது. ஒண்ணோட ஒண்ணச் சேத்துக் கட்டணும். தனியா விட்டா நிக்காது."

நீ போனாய். யுத்தம் முடிந்தது. அம்மாவும் போய்விட்டாள். கட்டத்தான் பார்க்கிறேன். ஒருமுறை திரிந்துபோகிறது, மறுமுறை பழுப்பாகிவிடுகிறது. சரியாக வந்தாலும் கூப்பிட்டுக் காட்ட ஆளில்லை. தனியாக இருப்பது தாங்கவில்லை.

சிஸ்டர் இப்போது குப்பியை எடுக்குமுன் என்னிடம் கேட்கிறார். "இது எது தம்பி?"

"ரசந்தான் சிஸ்டர்."

எடுத்த பிறகும் சற்று நின்றுவிட்டுத்தான் போகிறார்.

பூசையில் குருவானவர் கிண்ணத்தைத் தூக்கும்போது எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். நான் குனிந்துகொள்கிறேன். பக்தி என்று நினைக்கிறார்கள். பின்வரிசையில் இருப்பவர்களுக்கு உள்ளே இருப்பதன் நிறம் தெரியாது. எனக்குத் தெரியும்; நீ தூக்கிக் காட்டிய நிறம் அது.