அவளும் உவளும்

பெப்ரவரி 3, திங்கள்

"அந்தப் பக்கத்தை வெட்ட வேண்டாம்" என்று இன்று நான் சொல்லவில்லை.

அரியாலை வாசிகசாலை மண்டபத்தில் ஒத்திகை. என் நாடகத்தில் பூரணம் என்றொரு மனைவி. புருசன் பக்கத்து வீட்டுக்காரியிடம் போய்விட்டு வீடு திரும்புகிறான். அவள் மனம் எரிவதைச் சொல்ல ஒரு பக்க வசனம் எழுதியிருந்தேன். பூரணமாக நடிக்கும் சுவர்ணா, உடுப்பிட்டிப் பெட்டை, அதை மறந்துபோனாள். கொஞ்ச நேரம் புருசனையே பார்த்தாள். பிறகு, சோற்றைப் போட்டபடி:

"உவள் சாப்பிட்டாளோ?"

அவள் என்றால் எங்கோ இருப்பவள். உவள் என்றால் உனக்குப் பக்கத்தில் நிற்பவள். மேடையில் இல்லாத அந்தப் பெண்ணை ஒரு 'உ'வால் புருசனின் தோளோடு கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

நெறியாளர் பிரகலாதன் என்னிடம் வந்தார். "உது ஒண்டே காணும். மிச்சத்தை வெட்டுவம். நீர் குறை நினைக்காதையும்."

"சீ, இல்லை" என்றேன். கம்பஸில் படித்த காலம் தொட்டு என் எழுத்தை முதலில் வாசிப்பவர் அவர்தான்.

பெப்ரவரி 5

என்ன வாசிக்கிறாய் என்று சுவர்ணாவைக் கேட்டேன். "புத்தகத்தை எடுத்தாலே எனக்கு நித்திரை, அக்கா." பிறகு எங்கிருந்து வந்தது அந்த 'உ'?

பெப்ரவரி 9, ஞாயிறு

பக்கத்தைச் சுருக்கித் திரும்பக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன்.

"அக்கா, உவ்வளவையும் சொல்லுற மனுசி எரிய மாட்டா. கதைச்சே ஆறியிடுவா" என்றாள் சுவர்ணா.

புருசனாக நடிக்கும் ஜெறோம் விடவில்லை. "உதைக் கேட்டால் நான் பக்கத்து வீட்டிலையே இருந்திடுவன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிரகலாதன் சிரித்தது அவளைப் பார்த்து.

பெப்ரவரி 16

மேடை விளக்குகளைப் பற்றிக் கேட்கத்தான் பிரகலாதனுக்கு போன் எடுத்தேன். சத்தியமாக அதற்குத்தான். போனில், அவருக்குப் பின்னால், சுவர்ணாவின் சிரிப்பு. என் வாய் தன்பாட்டில் கேட்டது: "உவள் இன்னும் வீட்டை போகேல்லையோ?"

அவர் மெல்லச் சொன்னார்: "சுவர்ணாவோ? நான்தான்... கொண்டுபோய் விடப்போறன்."

ஐயோ, என்ன சொன்னனான்! ஒரு பக்கம் எழுதியும் பூரணத்துக்கு வராதது எனக்கு ஒரு சொல்லிலை வந்திட்டுதே. வசனம் போனதுக்குத்தான் எரியுது எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான் —

அவருக்கு விளங்கியிருக்குமோ? விளங்காமல் இருக்குமோ? நாடகக்காரர் அல்லவா.

மார்ச் 22, சனி

மேடையேற்றம். அந்தப் பக்கம் இல்லை; கடைசியில் வெட்டியது நான்தான். சுவர்ணா "உவள்" என்றதும் முன்வரிசையில் ஒரு மனுசி, வாய்விட்டே, "அடி ஆத்தை" என்றா.

ஜூன் 8, ஞாயிறு

சுவர்ணாவுக்கும் பிரகலாதனுக்கும் கலியாண எழுத்து, பதிவாளர் முன்னால். போனேன். சாப்பாட்டு நேரம் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன், தோள் முட்டும் தூரத்தில். பந்தியின் அந்தக் கரையிலிருந்து சுவர்ணா என்னைப் பார்த்துவிட்டு அவரைக் கேட்டாள்:

"அவ சாப்பிட்டாவோ?"

உவ இல்லை; அவ.

நான் சாப்பிடவில்லை. "ஓம்" என்றேன்.