நாற்பத்தொன்றாம் எண்ணின் சீட்டுகள்

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆமாம், நானேதான். எதிர்வீட்டுத் தையல்காரரை எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சவில்லை. இந்தத் தாளோடு உட்கார்ந்து இன்றோடு மூன்று நாள். 'ழ' போடும்போது மட்டும் நாக்கு தானாக வெளியே வந்துவிடுகிறது. எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் இருப்பவர்களில் இளையவருக்கே ஐம்பது வயது. அதில் நான்தான் முதல் மாணவன், தெரியுமா?

ஆஸ்பத்திரியிலும் என் வேலை மாறிவிட்டது. தரை துடைத்தது போதும் என்று, கர்ப்பிணிகள் பிரிவில் சீட்டுப் பெட்டியை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். பரிசோதனைக்குக் காத்திருக்கும் பெண்கள் அந்த வாரம் மனதை அரிப்பது எதுவோ, அதை ஒரு சீட்டில் எழுதிப் போடுவார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். எந்த மாதத்தில் என்ன பயம் வருகிறது என்று டாக்டரம்மா அதை வைத்து ஆராய்கிறார். நான் எண்படி அடுக்கிக் கொடுப்பேன். உதவியாளர்கள் படித்துப் பார்த்து வலி, பிரசவ பயம், வீட்டுக் கவலை, கவலை இல்லை என்று நான்கு தட்டுகளில் போடுவார்கள். ஒருத்தி எழுதியிருந்தாள்: என் புருஷன் விடுற குறட்டையை உள்ளே இருக்கிறதும் கத்துக்குமோன்னு பயமா இருக்கு. பிரிவே சிரித்தது.

நாற்பத்தொன்று என்று ஒரு பெண். எல்லா வாரமும் அவள் சீட்டு 'கவலை இல்லை' தட்டுக்குத்தான் போகும். மற்றவர்கள் ஒரே பார்வையில் படித்துவிடுவார்கள். நான் எழுத்து எழுத்தாகப் படிப்பவன். ஆறு சீட்டிலும் ஒரு சொல்கூட மாறவில்லை. 'எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.' ஆறு வாரமும் அதுவே. வயிறு வளர்கிறது, காலில் வீக்கம், சீட்டில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. டாக்டரம்மாவிடம் காட்டினேன். முகம் மாறிவிட்டது. "பயம்னு எழுதுறவளுக்குச் சொல்ல இடம் இருக்கு பெரியவரே. இவ எழுதும்போது பக்கத்துல யாரு இருந்தா?" என்று கேட்டார்.

அவளுடைய மாமியார் இருந்தார், மகளே. ஆறு வாரமும் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டவன் நான்.

ஏழாவது வாரம் அவள் வரவில்லை. பதிவேட்டில் விலாசம் பார்த்து நர்ஸ் தேடிப் போனபோது வீடு பூட்டியிருந்தது. அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்தேன். முதல்முறையாக நானே படிக்கப்போகிறேன் என்று முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய கடிதங்களில் மாடியில் காயும் துணி, எதிர்வீட்டு நாய், புளிப்பாக எதையாவது தின்னத் தோன்றுவது, என்னவெல்லாமோ இருக்கின்றன. கடைசி நான்கில், 'எனக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், நீங்கள் வர வேண்டாம்.' நான்கிலும் அதுவே, அதே வரிசையில். தையல்காரர் படித்துக் காட்டியபோது, "போன தடவை வந்த அதே சரக்குதான் பெரியவரே" என்று சிரித்தார். நானும் சந்தோஷமாகச் சிரித்தேன்.

போன் செய்தால் மருமகன்தான் எடுக்கிறார். நீ குளிக்கிறாய், இல்லாவிட்டால் தூங்குகிறாய். ஒரு மாதமாகவா, கண்ணு?

வியாழக்கிழமை காலை வருகிறேன். டாக்டரம்மாவும் கூட வருகிறார். பேருந்துப் பலகையையும் உன் கதவு எண்ணையும் இப்போது நானே படித்துக்கொள்வேன். நீ எந்தப் பதிலும் எழுத வேண்டாம். பெட்டி கட்டவும் வேண்டாம். முன்னறையில், தெரு தெரியும்படி உட்கார்ந்திரு, போதும்.

மருமகனுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் என் வணக்கம். இதை முதலில் பிரிப்பது நீங்கள் என்றால் நிதானமாக முழுதும் படியுங்கள். கிழவன் ஒவ்வொரு எழுத்தையும் யோசித்துத்தான் போட்டிருக்கிறேன். படித்த பிறகு அவளிடமும் கொடுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வியாழக்கிழமைக்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கும் போய்விடாதீர்கள்.

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும், மகளே. முதலில் வியாழக்கிழமை வரை இரு.

உன் அப்பா