சிவப்பு மட்டும் வேண்டாம்

அண்ணா,

நாளை உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, சித்தப்பாவிடம் கார் கேட்டு வரப் போகிறேன். பேதி மருந்தைக் கரைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது குடித்து முடி. குடல் சுத்தமாக இருந்தால்தான் ரத்தம் எங்கிருந்து வருகிறதென்று டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, அங்கேயே கிளிப் போட்டு நிறுத்த முடியும். ரத்தக்கசிவைக் கூட்டும் அந்த மூட்டுவலி மாத்திரைகளை எடுத்துப் போகிறேன், தேடாதே.

சிவப்பாக எதையும் குடிக்காதே. உள்ளே ரத்தம் போலவே தெரியும்.

சின்ன வயதில் சிவப்புக் குச்சி ஐஸ் தின்றுவிட்டு நாக்கை நீட்டி, "அம்மா, ரத்தம்!" என்று அலறுவாய். அம்மா ஒவ்வொரு முறையும் பதறுவாள். போன வாரம் நிஜ ரத்தத்தையே, "பீட்ரூட் சாப்பிட்டேன், வேற ஒண்ணுமில்ல" என்று மறைத்தாய். நம் வீட்டில் பீட்ரூட் வாங்கி வருஷமாகிறது.

"நர்ஸ் வேலையில நைட் டியூட்டிய பாதியில விட்டு ஓடிவந்தவ, எனக்கு வைத்தியம் சொல்றியா?" என்று நீ கேட்டது இன்னும் எரிகிறது. எரியட்டும்.

மறுபடி ரத்தம் போனாலோ தலை சுற்றினாலோ முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடு, அப்புறம் என்னை.

பி.கு.: ஃப்ரீசரில் இரண்டு சிவப்பு ஐஸ் இருக்கிறது. டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான். நீ நாக்கை நீட்டு. பதற நான் இருக்கிறேன்.