மின்னலுக்கு நான் கட்டிய முகமூடி

மாசி 18, திங்கள்

நேற்று குஸ்தி மேடைக்குப் பின்னால், தட்டி மறைப்புக்குள் இருந்தவர்கள்: நான். என் பேத்தி மகேஸ்வரி. அவள் சிநேகிதி, பிரம்மதேசத்துக் கலைச்செல்வி. குஸ்தி கம்பெனி முதலாளி சேகர். நடுவர் தாமஸ். வேறு யாரும் இல்லை. வெளியே முன்வரிசையில் என்னோடு உப்பு வாருகிற கன்னியம்மா. மற்ற ஜனத்தை எழுத நோட்டு போதாது. ஆனால் யார் யார் கை தட்டினார்கள் என்று தெரியும்.

காலையிலேயே வெயில் சுடுகிறது. காற்று தெற்கு. இந்தக் காற்றுக்கு உப்பு நன்றாக விளையும். வேலைக்குப் போகவில்லை.

நடந்தது நடந்தபடி.

இரண்டு வருஷமாக மேடையில் மகேவுக்கு ராங்கி ராணி என்று பெயர். குஸ்தி போடுவது பாதி, ஜனத்தைத் திட்டுவது பாதி. மைக்கை வாங்கி, பஸ் வராத ஊருக்குப் பவுடர் ஒரு கேடா என்பாள். நேற்று சொந்த ஊர், அதனால் இன்னும் கூடுதல். “உங்க தண்ணியும் உப்பு, மூஞ்சியும் உப்பு. நாக்கு மட்டும் எப்பிட்றீ இவ்ளோ நீளம் வளந்துச்சி?” கன்னியம்மாவைக் கையைக் காட்டிச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு. ஜனம் செருப்பு வீசியது. செருப்பு விழுந்தால்தான் அவள் வேலை ஒழுங்காக நடந்தது என்று அர்த்தம்.

கலைக்கு மின்னல் என்று பெயர். மேடையில் நல்லவள் அவள். வெள்ளி நிறத் துணியில் முகமூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை, பின்னந்தலையில் கயிறு. வேஷத்துக்கு மட்டும் போட்டது இல்லை. ஆரோவில்லில் ரொட்டி சுடும் இடத்தில் வேலை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள். அண்ணன் வேலு பள்ளிக்கூடத்திலேயே அவள் கபடியை நிறுத்தியவன். குஸ்தி என்று தெரிந்தால் வாசற்படி தாண்ட விடமாட்டான். முகம் தெரியாத வரைக்கும்தான் அவளுக்கு இந்தப் பிழைப்பு.

ஜனத்துக்கு இவர்கள் இரண்டு பேரும் பரம விரோதி. ஒரே வண்டியில் வரக் கூடாது. கடையில் ஒன்றாக நின்று டீ குடிக்கக் கூடாது. கம்பெனி சட்டம். கலை ஒரு ஸ்டாப்பிங் முன்னாலேயே இறங்கி நடந்து வருவாள். தட்டிக்குள் வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே தட்டு. நேற்றும் அப்படித்தான். நான் கொண்டுபோன கருவாட்டுக் குழம்பு. முள்ளை மகே எடுத்துப் போட்டாள், கலை தின்றாள்.

முகமூடிக் கயிற்றை எப்போதும் மகேதான் கட்டுவாள். பிடித்து இழுக்கப் போகிறவள்தான் கட்ட வேண்டும், எவ்வளவு தாங்கும் என்று அவளுக்குத்தானே தெரியும். இது அவர்களுக்குள் ஆன பேச்சு. நேற்று மகேவுக்கு வலது கையில் மூன்று விரலுக்குப் பிளாஸ்திரி. உப்பு வெடிப்பு என்றாள். போன வாரம் எனக்குப் பதிலாக மூன்று நாள் உப்பளப் பாத்தியில் இறங்கினாள், அது உண்மை. ஆயா நீ கட்டு என்றாள். கட்டினேன்.

கடைசிக் கட்டம். மகே பின்னால் போய் முகமூடியைப் பிடித்து இழுத்தாள். எல்லா ஊரிலும் இழுப்பதுதான். நேற்று கையோடு வந்துவிட்டது.

கலை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்தாள். பிறகு போன் எல்லாம் மேலே வந்தது.

மகே முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். பாதியில் வேஷத்தை விடக் கூடாது என்று செய்தாள். பாவம்.

மாசி 19, செவ்வாய்

காலையில் பழைய சோறு. பாத்திக்குப் போனேன்.

கலையின் முகம் எல்லார் போனிலும் இருக்கிறதாம். லாரி டிரைவர் வரைக்கும். கலையின் போன் அணைந்து கிடக்கிறது, மகே எத்தனை தடவை போட்டாலும்.

கன்னியம்மா பலகையால் உப்பு வாரிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். “வேஷம்னு சொன்ன. வேஷம் போட்டா புத்தி மாறிடுமா. பொண்ணா பொறந்தவ ஒரு பொண்ண இப்பிடி அவுத்துக் காட்டுவாளா?”

இவள் பேசுகிறாள். என் மகள் பிரசவத்துக்குத் துடித்தபோது வீட்டில் ஆட்டோவை வைத்துக்கொண்டு பெட்ரோல் இல்லை என்று சொன்னவள். இருபத்து நாலு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அவள் கட்டியிருந்த புடவையின் கரை நிறம் வரைக்கும் எனக்குத் தெரியும், பச்சை. அந்தப் பிரசவத்தில்தான் மகள் போனாள், மகே வந்தாள்.

கன்னியம்மாவின் சாப்பாட்டுத் தூக்கைப் பாத்திக்குள் எட்டி உதைத்தேன். மேஸ்திரி ஓடி வந்தான். அரை நாளோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

வழியெல்லாம் ஒரே யோசனை. தப்பு மகே பேரில் இல்லை. என் கையில் இருக்கிறது. அன்றைக்கு நான் போட்டது மூட்டைக் கட்டு. பாத்தியிலிருந்து கொட்டகைக்குப் போகும் உப்பு மூட்டையின் வாய்க்குப் போடுவோமே, அது. எந்தப் பக்கம் இழுத்தாலும் இறுகும். வால் நுனியைப் பிடித்து இழுத்தால் மட்டும் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்துவிடும். நாற்பது வருஷமாகப் போட்ட கட்டு, கை அதைத்தான் போட்டது. மகே அவசரத்தில் வாலைப் பிடித்துவிட்டாள் போல.

மகேவிடம் சொன்னேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். சாப்பிடவில்லை.

மாசி 20, புதன்

கண் சொட்டு மருந்து தீர்ந்தது. சிவப்புக் கோழியைக் காணோம். கன்னியம்மா வீட்டுப் பக்கம்தான் போயிருக்கும். கேட்க மாட்டேன்.

சேகர் காரில் வந்தான். தெருவில் இறங்கவில்லை. மகே போய்க் கார் கதவில் சாய்ந்து பேசிவிட்டு வந்தாள். என்னடி என்றேன். சும்மா விசாரிக்க வந்தாரு என்றாள்.

மாசி 21, வியாழன்

பிரம்மதேசம் போனேன். டவுன் பஸ். உட்கார இடம் கிடைத்தது. மகே போக வேண்டாம் என்று தடுத்தாள். முடிச்சு போட்டவள் நான், நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

வேலு வாசலிலேயே நிறுத்தினான். முடிச்சைப் பற்றிச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. “பெரியவங்கன்னு பாக்கறேன். உங்க பேத்தி வேணும்னு பண்ணலன்னு கற்பூரம் அணைங்க. அப்பறம் உள்ள வாங்க.”

எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. தெருமுனை அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிக் கொடுத்தார்கள். என் பேத்தி மகேஸ்வரி தெரிந்து செய்யவில்லை, செய்திருந்தால் என் கண் அவிந்து போகட்டும் என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்தேன். சுட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. இனி எவள் பேசுகிறாள் பார்ப்போம் என்று இருந்தது.

உள் அறையில் கலை. வலது கையை மடக்கித் துண்டால் கழுத்தோடு கட்டியிருந்தது. தோளுக்கு மேல் கை எழும்பவில்லை. மாடிப்படியில் விழுந்தேன் என்றாள். அந்த வீட்டில் மாடி இல்லை.

வேலு நிலைப்படியில் நின்றுகொண்டே இருந்தான். பங்குனியில் கல்யாணமாம். மாப்பிள்ளை பெயர் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

என் கட்டினால் வந்தது என்று சொன்னேன். அழுதேன், அது வேறு விஷயம். அவள் அழவில்லை.

“மகே ஒண்ணும் பண்ணல ஆயா. அவளப் போயி ஊரு திட்டுதாமே. வெரல் ஆறிடுச்சா அவளுக்கு? வேப்பெண்ணெ வெக்கச் சொல்லுங்க. அப்பிடியே தண்ணில கைய வெச்சிட்டுத் திரிவா.”

வேலு தொண்டையைச் செருமினான். எழுந்துவிட்டேன்.

வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். மகேவிடம் கலை சொன்னதை அப்படியே சொன்னேன். தலையை ஆட்டினாள்.

மாசி 22, வெள்ளி

காலையில் வெயில் இல்லை, மூட்டம். பத்து மணிக்கு மேல் சுள்ளென்று.

உள்ளங்கையில் கற்பூரம் சுட்ட இடம் கொப்புளம் வந்து உடைந்துவிட்டது. உப்பில் போட்ட வாளை மீன் தொட்டியில் கிடக்கிறது, இன்று அலசிக் காயப்போடாவிட்டால் வீணாகும். என் கையை அதில் வைக்க முடியாது. மகே, நீ அலசு என்றேன்.

வந்து உட்கார்ந்தாள். பிளாஸ்திரியை உரித்துப் போட்டாள். கையை முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் விட்டாள். மீனை ஒவ்வொன்றாக எடுத்து அலசி வைத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

பார்த்துக்கொண்டே நின்றேன்.

உப்பு வெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். பல்லைக் கடிக்காத ஆளை நான் பார்த்தது இல்லை. ஐந்து நாளில் ஆறக்கூடியதும் இல்லை, இருபது நாளாவது வாய் திறந்தே கிடக்கும். கையைக் காட்டு என்றேன். காட்டவில்லை. பிடித்துத் திருப்பினேன். மூன்று விரலும் வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

கையை உருவிக்கொண்டு அடுத்த மீனை எடுத்தாள். மீன் வாடை.

பிறகு சொன்னாள். மீனைப் பார்த்தே சொன்னாள். பாம்பாயிலிருந்து பெரிய கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்கப் போகிறார்கள். முகமூடி கழன்ற வீடியோ ஊரெல்லாம் ஓடினால் இவளைக் கூப்பிடுவார்கள் என்று சேகர் சொல்லியிருக்கிறான். கலையிடம் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள், அதனால் கேட்கவில்லை. புதன்கிழமை கார் வந்தது சேதி சொல்லத்தான். பாம்பாய்க்காரர்கள் இவளை எடுத்துக்கொண்டார்களாம். தாமஸுக்கு எதுவும் தெரியாது.

மூட்டைக் கட்டின் வால் எது என்று அவளுக்குத் தெரியாதா. ஆறு வயதில் கொட்டகையில் உட்கார்ந்து மூட்டை அவிழ்த்தவள்.

சேகர் சொன்னான், நீ செய்தாய், அது கிடக்கட்டும். என் கை எதுக்குடி என்று கேட்டேன்.

“நான் கட்டுனா அவ இழுத்துப் பாப்பா ஆயா. ஒவ்வொரு வாட்டியும் பாப்பா. நீ கட்டுனா பாக்க மாட்டா.”

ஆமாம். பார்க்கவில்லை. நான் கட்டி முடித்ததும் தலையை ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து போய்விட்டாள்.

மீனை நானே அலசினேன். கொப்புளத்தோடு.

மாசி 24, ஞாயிறு

நேற்று எழுத ஒன்றும் இல்லை.

மகே இன்று காலை பதினோரு மணி பஸ்ஸில் போனாள். சென்னை போய் அங்கிருந்து பாம்பாய். புதுப் பெட்டி, சேகர் கொடுத்தது. பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர். கன்னியம்மா காறித் துப்பினாள். மகே இடுப்பில் கை வைத்து நின்று, மேடையில் நிற்கிற மாதிரியே, எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாள். “பாத்துக்கோங்கடி நல்லா. இனிமே டிக்கெட் வாங்கித்தான் பாக்கணும்” என்றாள். இரண்டு வருஷமாக இந்தப் பேச்சுக்குத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்தவள் நான். இன்றைக்கும் அதே குரல்தான், அதே நிற்கிற விதம்தான். சிரிப்பு வரவில்லை.

போய்ட்டு வரேன் ஆயா என்றாள். நான் பஸ் நம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கன்னியம்மா என்னோடு நடந்து வந்தாள். கோழி அவள் வீட்டில்தான் இருக்கிறதாம், முட்டை வைத்திருக்கிறதாம்.

பிரம்மதேசத்துக்குப் போகவில்லை. போக மாட்டேன். கற்பூரம் அணைத்த சத்தியம் பொய்யாகப் போனது, கண் அவிந்தால் அவியட்டும். கலைக்குக் குஸ்தி போய்விட்டது. தோள் போய்விட்டது. பங்குனியில் பெயர் தெரியாத ஒருவன் வருவான். தன் சிநேகிதி தனக்குக் கெடுதல் செய்யவில்லை என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அதையும் நான் போய் எப்படி வாங்கிக்கொண்டு வருவது.

சேகர் வியாபாரி, அவன் தொழில் அது. விட்டுவிடலாம். வேலு மாதிரி ஆள் வீட்டுக்கு வீடு இருக்கிறான். அவன் கையில் புழு நெளியட்டும், ஆனால் அவன் யார் என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். கன்னியம்மாவுக்குப் பெட்ரோல் விஷயத்தை இந்த வருஷத்தோடு மன்னிக்கலாம் என்று தோன்றுகிறது. என் கையைக்கூட மன்னித்துவிடுவேன், அது அறியாமல் கட்டியது.

ஒருத்தியை முடியாது. பிறந்த அன்றைக்கு ஈரத்தோடு வாங்கி மடியில் போட்டுக்கொண்டது நான். பெயர் வைத்ததும் நான்.

மகேஸ்வரி.