ஏரிக்கரை வீட்டில் நடை பார்த்தல்

அன்புள்ள 'என்னங்க' அவர்களுக்கு,

உங்கள் 'ஏம்மா' எழுதிக்கொள்வது. கல்யாணமான நாளிலிருந்து இந்த இரண்டைத் தவிர வேறெதுவும் சொல்லி நாம் ஒருவரையொருவர் கூப்பிட்டதில்லை. கடிதத்துக்கென்று புதிதாக ஒன்றைத் தேடிப் பிடிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் சௌக்கியம். நீங்களும் சௌக்கியம் என்றுதான் சொல்கிறீர்கள். அதை நம்பி மேலே எழுதுகிறேன்.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம்மா" என்பீர்கள். அடுத்த நொடியே மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்று போய்விடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுவதும் படியுங்கள்.

நான் வேலைக்கு வந்த இந்த நாட்டிலேயே வீடு ஒன்று பார்த்திருக்கிறேன். வாடகைக்கு அல்ல, வாங்குவதற்கு. ஏரிக்கரையில் ஒரு பழைய சுங்கச் சாவடிக் கட்டடம். ஒரு காலத்தில் ஏரி வழியாகப் படகில் வந்த சரக்கையெல்லாம் அங்கே நிறுத்திச் சோதித்தார்களாம். இப்போது மாடி மாடியாகப் பிரித்துக் குடும்பங்கள் இருக்கின்றன. நம்முடையது மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. நிலம் அளந்தே தலை நரைத்தவர் நீங்கள், முதலில் அளவைத்தான் கேட்பீர்கள். தரகர் சொன்ன அளவு என்னிடம் இருக்கிறது, ஆனால் எழுதப்போவதில்லை. நீங்களே வந்து அளந்து, அவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்கிற சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

கூடத்திலிருந்து ஏரி தெரிகிறது. சமையலறையிலிருந்து இன்னும் நன்றாகத் தெரிகிறது. படுக்கையறைக்குக் கிடைத்தது பின்பக்கத்துக் குப்பைத் தொட்டிகள். ஜன்னல் கண்ணாடி பழசு, வெளியே நீந்துகிற வாத்துகள் கோணல்மாணலாகத் தெரிகின்றன. கூடத்துச் சுவரில் ஓரிடத்தில் ஈரம் ஏறி இறங்கிய கறை இருக்கிறது. தரகர் அதை மறைத்து நின்றுகொண்டு எனக்கு ஏரியைக் காட்டினார். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றேன். நம் மொழி பேசுகிறவர்தான், வாய் மட்டும் வண்டி வண்டியாகப் பேசும். "ஏரி பக்கத்துல வீடு கேட்டா, ஏரி கொஞ்சம் உள்ள வந்து எட்டிப் பாக்கத்தானே செய்யும் மேடம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருஷம் குப்பி குப்பியாகப் பார்த்தவளுக்கு ஒரு கறை பெரிய விஷயமில்லை. எதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும்.

பணத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். நம் மகள் எல்லாவற்றையும் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்து, சரி என்று சொல்லிவிட்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டாள். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.

ஏன் இப்போது வீடு என்று கேட்டால், நாற்காலியில் ஆரம்பிக்க வேண்டும். இந்த வாடகை வீட்டில் எனக்கு உருப்படியான ஒரு நாற்காலி கிடையாது. அடுத்த வருஷம் நான் ஊருக்கே திரும்பிவிடுவேன், அல்லது அடுத்த வருஷம் நீங்கள் வந்துவிடுவீர்கள், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டே காலம் ஓடிவிட்டது. முதலில் உங்கள் அம்மாவைத் தனியே விட முடியாது என்றீர்கள், அது நியாயம். அவர்கள் போன பிறகு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வருகிறேன் என்றீர்கள், அதுவும் நியாயம். பிறகு முட்டி வலி. பிறகு முட்டியில் ஆபரேஷன். உங்களிடம் நியாயத்துக்கு எப்போதுமே பஞ்சமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டடம் பாதுகாக்கப்பட்ட கட்டடம். ஜன்னலின் நிறத்தை மாற்றக் கூடாது. ஏரிப் பக்கத்துச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மாடிப்படியில் கைப்பிடி ஒரு பக்கம்தான், இன்னொன்று வைக்க அனுமதி இல்லை. தரை முழுவதும் பழைய மரப் பலகை. அதன் மேல் எதையும் ஒட்டவோ பூசவோ கூடாது. மேல்வீட்டில் ஒருவர் தும்மினால் கீழ்வீட்டில் ஆசீர்வாதம் பண்ணலாம், அவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது. அதனால் குடியிருப்பவர்கள் காலங்காலமாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். யார் வீடு வாங்க வந்தாலும், அந்த வீட்டில் படுத்து எழுந்திருக்கப் போகிற ஒவ்வொருவரும் தரையில் நடந்து காட்ட வேண்டும். கீழ்வீட்டுக்காரர் கீழே உட்கார்ந்து கேட்பார். அவர் சம்மதித்தால்தான் குடியிருப்போர் சங்கம் கையெழுத்துப் போடும். பெண் பார்க்க வந்தபோதுகூட உங்கள் வீட்டில் என்னை நடக்கச் சொல்லவில்லை. இந்த வயதில் நடந்து காட்டினேன்.

நம் கீழ்வீட்டுக்காரர் ஒரு அம்மாள். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்த மாதிரியும் தெரியாது, முறைத்த மாதிரியும் தெரியாது. நான் நடந்து முடித்ததும் மேலே ஏறி வந்தார். வேகமான நடை, குதிகால் கொஞ்சம் அழுத்தம், பரவாயில்லை, தனியாகவே இருந்து பழக்கப்பட்டவள் என்று சொன்னார். கடைசியாகச் சொன்னது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். யாருக்கும் வழிவிட்டு நடக்காத நடை என்றார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

அடுத்து, எத்தனை பேர் என்று சங்கத் தலைவர் கேட்டார். இரண்டு பேர் என்றேன். தரகர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஒருத்தர்னு சொல்லியிருந்தா இன்னிக்கே சாவி கைல மேடம். சார் வரும்போது வரட்டும், யாரு கேக்கப் போறா?" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் இரண்டு என்பது வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்க எனக்கு மனசில்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு கோணங்கி யோசனை வந்தது. அவர் ஊரில் இல்லை, அவர் நடையை நான் நடந்து காட்டட்டுமா என்று கேட்டேன். சங்கத் தலைவர் சிரித்தார். சுருக்கெழுத்து அம்மாள் சிரிக்கவில்லை. கணவர் நடை மனைவிக்குத் தெரியாமலா இருக்கும், நடக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். தரகரின் ஷூவைக் கழற்றி வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டேன். பாவம், அந்த மனுஷர் கிழிந்த காலுறையோடு ஜன்னலோரம் நின்றார்.

நடந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடியும் ஒரே நீளத்தில், வாய்க்குள் எண்ணிக்கொண்டு, சுவர் வந்ததும் நின்று ஒரு 'ம்' போட்டுவிட்டுத் திரும்பி. சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதைக்கூட அளந்துகொண்டுதானே வருவீர்கள்? நான் அதைக் கிண்டல் பண்ணுவேன், நீங்கள் எண்ணிக்கை விட்டுப்போய் முதலிலிருந்து ஆரம்பிப்பீர்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இன்னொரு சுற்றும் நடந்தேன். கேட்டவர்கள் ஒரு சுற்றுதான் கேட்டார்கள்.

அம்மாள் மேலே வந்தார். நல்ல நடை, இரண்டு காலிலும் சம பாரம், இந்த மனுஷரால் எனக்குத் தொந்தரவே இருக்காது என்று எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டார், காலில் அடி, ஆபரேஷன் ஏதாவது உண்டா, மூன்று மாடி ஏற வேண்டுமே என்று.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆபரேஷன் எனக்குத் தெரியாததா? முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, "முட்டியில ஒரு சின்ன வேலை, முடிஞ்சுது" என்று என்னவோ குழாய் ரிப்பேர் மாதிரி சொன்னீர்கள். நான் கத்தினேன். உங்கள் தம்பியை விரட்டி ஆபரேஷன் காகிதங்களையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் வரவழைத்து வரி வரியாகப் பார்த்தேன். எல்லாம் தலையில் இருக்கிறது. ஆனால் நடக்கச் சொன்னபோது என் கால் பழைய ஆளின் நடையைத்தான் நடந்தது. அதற்குப் பிறகு நீங்கள் நடந்து நான் பார்த்ததே இல்லை. போன் திரையில் உங்கள் நெற்றியும் மூக்கும் தெரியும், சில நாள் மின்விசிறி தெரியும். நீங்கள் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வந்ததைக்கூட நான் பார்த்ததில்லை.

உள்ளதைச் சொன்னேன். அம்மாள் எழுதியதை ஒரே கோடாக அடித்தார். இது அவர் நடை இல்லை, அவரை வரச் சொல்லுங்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறைத்தது.

கீழே இறங்கும்போது மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கைப்பிடி ஏறும்போது வலக்கைப் பக்கம் வருகிறது. உங்களுக்கு அது வசதியா இல்லையா என்று யோசித்தேன். ஆபரேஷன் வலது முட்டியிலா இடதிலா? சத்தியமாக எனக்கு நினைவு வரவில்லை. வீட்டில் அந்தக் காகிதம் இருக்கிறது, எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் எடுக்கவில்லை. காகிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயமா இது? எனக்குக் கோபம் வந்தது. முதலில் உங்கள் மேல், பிறகு இரண்டு பேர் மேலும். நாம் சண்டை போட்டுப் பிரிந்திருந்தாலாவது யாராவது நடுவில் வந்து பேசிச் சேர்த்து வைத்திருப்பார்கள். நாம் நன்றாகவே இருந்தோம், அதனால் யாரும் வரவில்லை.

நிலவரம் இதுதான். மாதக் கடைசிவரை சங்கம் காத்திருக்கும். அதற்குப் பிறகு ஒரு பல் மருத்துவர் வாங்கத் தயாராக இருக்கிறார். நான் போய் ஒருத்தி மட்டும்தான் என்று சொன்னால், அன்றைக்கே வீடு என்னுடையது. தரகர் அதற்குத்தான் ஒற்றைக் காலில் நிற்கிறார்.

உங்களுக்கு அங்கே ஒரு வாழ்க்கை இருக்கிறது, தெரியும். தம்பி குடும்பம், சாயந்திரச் சீட்டுக் கச்சேரி, வரப்புத் தகராறு என்றால் இன்னமும் உங்களைத் தேடி வருகிறவர்கள். இங்கே வந்தால் யாருடைய வரப்பும் உங்களுக்குத் தெரியாது. ஏரியை எத்தனை நாள்தான் பார்ப்பது? வர விருப்பம் இல்லையென்றால், இல்லை என்றே சொல்லிவிடுங்கள். நான் தாங்கிக்கொள்வேன், மறுநாள் வேலைக்கும் போவேன். ஆனால் "பாத்துக்கலாம்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வார்த்தையோடு என்னால் இனி குடித்தனம் பண்ண முடியாது.

வருவதென்றால் முன்கூட்டி நடந்து பழக வேண்டாம். நன்றாக நடப்பது போல நடிக்கவும் வேண்டாம், அந்த அம்மாளிடம் பலிக்காது. தடியோடு நடப்பதானால் தடியோடு, இழுத்து நடப்பதானால் இழுத்து. இரண்டு சுற்றில் களைத்துப் போனால் உட்கார, உருப்படியாக ஒரு நாற்காலி வாங்கி வைக்கிறேன்.

அம்மாளிடம் ஒன்று கேட்டேன். நீங்கள் மேலே நடக்கும்போது, நானும் கீழே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாமா என்று. வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சரி என்றார். திறக்க மாட்டேன். உங்கள் காலுக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும். சீக்கிரம் கிளம்பி வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஏம்மா