இடது பெடல்

ஜூன் 11, புதன்

இன்றும் கால் வழுக்கியது. ஒலக்கூர் தாண்டி மேடு ஏறும்போது இடது பாதம் நழுவ, பெடல் சுற்றி வந்து காலில் அடித்தது. அந்தப் பக்கம் உணர்ச்சி கிடையாது. ஸ்கூலில் சாக்ஸைக் கழற்றியபோதுதான் ரத்தத்தைப் பார்த்தேன்.

போன வருஷம் வேன் இடித்ததில் முறிந்த எலும்பு கூடிவிட்டது. முழங்கால் ஓரமாக ஓடும் நரம்பு மட்டும் தேறவில்லை. பாதம் தொங்குகிறது. தூக்கு என்றால் தூக்காது. விளையாட்டு டீச்சருக்கு இப்படி ஒரு கால். நடந்தால் தரையைத் தேய்த்துக்கொண்டு வருகிறது, எல்லோரும் பார்க்கிறார்கள். சைக்கிளில் போனால் மட்டும் தெரியாது. திண்டிவனம் வரை பைபாஸில் நான் பழைய பவுலின். அதற்காகத்தான் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேனா?

ஜூன் 14

கிளிப் பெடல் என்று ஒன்று இருக்கிறது. ஷூவுக்கு அடியில் திருகிய இரும்புத் துண்டு பெடலில் டக்கென்று மாட்டிக்கொள்ளும். கால் நழுவவே முடியாது. எடுக்க வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும்.

திருப்ப வேண்டும்!

மேம்பாலத்துக்குக் கீழே சைக்கிள் கடை வைத்திருக்கும் வேங்கடேசனிடம் போனில் படம் காட்டினேன். "நான் இத்த போட்டதே இல்லீங்க மேடம். ரேஸு ஓட்றவங்க போட்டுக்குவாங்க. நீங்க ஸ்கூலுக்குப் போய்க்கினு வர்றதுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்றார். சிரித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 21, சனி

விழுப்புரத்தில் நரம்புப் பரிசோதனை. ஊசி குத்திக் குத்திப் பார்த்தார்கள். திரையில் கோடு நேராகவே போனது. "இனிமே வர்றதுக்கு வாய்ப்பு கம்மிம்மா. இருக்கிறதை வெச்சு பழகிக்கணும்," என்றார் டாக்டர். குரலில் அன்பு இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

திரும்பும்போது என் வீட்டுக்காரர் வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "தினமும் நானே கொண்டாந்து வுட்டுர்றேன் பவுலு. மல்லாட்டைக்கு தண்ணி கட்றத அப்பறம் பாத்துக்கலாம்."

"நான் இன்னா மூட்டையா, ஏத்தி எறக்க?"

பாவம் அவர்.

ஜூன் 22

பூசைக்குப் போகவில்லை. போனில் பெடல் வகைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஷூவுக்கு அடியில் திருகும் அந்தத் துண்டுக்கு க்ளீட் என்று பெயர். ரோடு சைக்கிள்காரர்கள் போடுவது மூன்று ஓட்டை க்ளீட். பெரியது, ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதோடு ஸ்கூல் வராந்தாவில் நான் நடந்தால் அன்றைக்கே இடுப்பு போகும். இரண்டு ஓட்டை க்ளீட் சின்னது, ஷூவின் பள்ளத்துக்குள் அடங்கிவிடும், நடக்கலாம். அதிலும் எந்தப் பக்கம் திருப்பினாலும் விட்டுவிடுகிற வகை உண்டாம். அதுதான் எனக்கு. வலதுக்குச் சாதாரணப் பெடலே போதும், நல்ல கால்தானே.

ஆனால் நின்றால் வலது காலைத்தான் ஊன்ற வேண்டும். வலது பக்கம்தானே லாரி வருகிறது! எல்லோரும் ரோட்டோரமாக இடது காலை ஊன்றுகிறார்கள். நானும் இத்தனை வருஷம் அப்படித்தான். அடிபட்டது வலது காலாக இருந்திருந்தால்... இப்படியெல்லாம் நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

ஆர்டர் போட்டுவிட்டேன்.

ஜூன் 30

பெடல் வந்தது. வேங்கடேசன் மாட்டிக் கொடுத்தார். ஸ்பிரிங்கை முடிந்த மட்டும் தளர்த்தச் சொன்னேன்.

களத்தில் இவர் சீட்டைப் பிடித்துக்கொள்ள ஏறினேன். டக். பாதம் உட்கார்ந்த சத்தம். சத்தம் கேட்டதே தவிர காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. எடுக்கப் பார்த்தால் வரவில்லை. கணுக்கால் செத்த மீன் மாதிரி. விழுந்தோம், இவர் மேலேயே.

பிசியோதெரபி கலைமதிக்குப் போன் செய்தேன். "கணுக்காலை நம்பாதீங்கக்கா. தொடையோட சேத்து மொத்தக் காலையும் திருப்புங்க," என்றாள். திருப்பினேன். இருட்டுவதற்குள் நாலைந்து முறை விட்டது. எல்லா முறையும் இல்லை.

"போதும், உள்ள வா," என்றார் இவர். முழங்கை சிராய்ப்பில் மண் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டேன்.

ஜூலை 9

ஸ்கூல் வரை போய்வந்தேன். கால் நழுவவில்லை. ஒரு முறைகூட. வலது கால் மிதிக்க, இடது காலும் கூடவே சுற்றிக்கொண்டு வந்தது, பெடல் இழுக்கிறதா கால் மிதிக்கிறதா தெரியாமல். காற்று எதிரே. ஒரு டவுன் பஸ்ஸை முந்தினேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

எழுத வேண்டாம் என்றிருந்தேன்.

ஸ்கூல் திருப்பத்துக்கு முன்னால் ஒரு ஆட்டோ சட்டென்று நின்றது. பிரேக் பிடித்தேன். வலது பக்கம் சாய வேண்டும் என்று மனசுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லையே. பழைய பழக்கத்தில் இடது பக்கம் சாய்ந்துவிட்டேன். தொடையைத் திருப்ப நேரமே இல்லை. அப்படியே மரம் மாதிரி விழுந்தேன்.

அடி பெரிசில்லை. அதுக்கப்பறம்தான். நாலு பேர் ஓடிவந்து தூக்கினாங்க, சைக்கிளும் கூடவே வந்துச்சு. "கால எடும்மா, கால எடு," என்று கத்தறாங்க. எடுக்க முடியல. "இன்னாம்மா, சிக்கிக்கிச்சா?" ஒருத்தர் காலைப் பிடித்து இழுத்தார். பின்னால் பஸ் ஹாரன். கடைசியில் ஒரு பூக்காரம்மா ரோட்டிலேயே உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்து என் காலை உருவி எடுத்தார். ஷூ பெடலிலேயே நின்றது. பாதம் துணி மாதிரி தொங்கிக்கினு... எல்லாரும் பாத்தாங்க. என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஸ்கூல் கேட்டுகிட்ட நின்னு பாத்தாங்க. நான் ஓடக் கத்துக்கொடுத்த பிள்ளைகள்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஜூலை 18

போகவில்லை.

ஜூலை 24

தலைமை ஆசிரியர் கோதண்டபாணி சார் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எப்போதும் நின்றுகொண்டேதான் பேசுவோம். அப்போதே தெரிந்துவிட்டது.

"லைப்ரரியில எடம் காலியா இருக்குது மேடம். மைதானத்துக்கு தற்காலிகமா வல்லரசுன்னு ஒரு பையன் வர்றாரு. உங்களுக்கும் கஷ்டம் இல்லாம..."

"சரிங்க சார்."

சண்டை போடுவேன் என்று நினைத்திருந்தேன். வாயில் வந்தது அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இவர் பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு ஸ்டாண்டு வாங்கி வந்திருக்கிறார். பின் சக்கரத்தை அதில் பூட்டிவிட்டால் சைக்கிள் நகராது, மிதித்துக்கொண்டே இருக்கலாம். பின்னறையில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"ரோட்டுக்குத்தான் போவக் கூடாது. ஓட்டக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கேயும் போகாத சைக்கிள்.

ஆனாலும் ஏறினேன். இறங்கும்போது இடது கால் வரவில்லை. இவர் கீழே குந்தி, என் குதிகாலை இரண்டு கையாலும் பிடித்து வெளிப்பக்கம் திருப்பினார். டக்.

"ஆச்சா?"

"ஆச்சு."

செப்டம்பர் 12, வெள்ளி

பஸ்ஸில் போய்வந்தேன். நடத்துனருக்கு என்னைத் தெரிந்துவிட்டது, நான் இரண்டு காலையும் படியில் வைக்கிற வரை விசில் கொடுப்பதில்லை. மைதானம் தெரிகிற லைப்ரரி ஜன்னலை இன்று மூடவில்லை. வல்லரசு பிள்ளைகளை நன்றாகத்தான் ஓடவிடுகிறார். கை வீச்சைக் கவனிக்க மாட்டேன் என்கிறார். சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

சாயங்காலம் பின்னறையில் சைக்கிளில் ஏறினேன். முடித்தபோது, கொல்லியில் தண்ணீர் கட்டப் போன இவர் இன்னும் வரவில்லை. தொடையைத் திருப்பிப் பார்த்தேன், விடவில்லை. லேஸை அவிழ்த்தால் இறங்கிவிடலாம், தெரியும். குனியவில்லை. எதிரே சுவர்.

வெளியே இவர் வண்டிச் சத்தம் வருகிற வரை மிதித்துக்கொண்டிருந்தேன்.