ஏழு நாளில் திருப்பித் தரலாம்

ஜூன் 9, திங்கள்

இதயத் துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் ஒருவழியாக வாங்கிவிட்டேன். பதினெட்டு நாள் யோசனை. மூன்று கடிகாரங்களைத் தாளில் கட்டம் போட்டு ஒப்பிட்டிருந்தேன். கல்மண்டபம் கடைக்காரர் சண்முகவேல் அதைப் பார்க்காமலே நான்காவதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஆயிரத்து எண்ணூறு. நெஞ்சில் கட்டும் பட்டைதான் துல்லியமாம். ஆனால் விலை இரண்டு மடங்குக்கு மேல்.

"ஒரு வாரம் கட்டிப் பாருங்க சார். சரியில்லன்னா அடுத்த திங்கக்கெழமக்குள்ள கொண்டாங்க, மாத்தித் தாரேன். கீறல் மட்டும் விழக்கூடாது."

மெதுவாக ஓடலாம், துடிப்பு நூற்று இருபதைத் தாண்டக் கூடாது என்பது டாக்டரின் நிபந்தனை. வரும் 29-ஆம் தேதி பங்குத் திருவிழாவில் முதியோர் ஓட்டம். பெயர் கொடுத்திருக்கிறேன். அறுபத்தொன்பது வயதில் இது தேவையா?

"செருப்பு வாங்கவே ஒரு மாசம் யோசிக்கிற மனுஷன், ஓடப் போறாராம்" என்றாள் மனைவி ரோசி.

ஜூன் 11, புதன்

பூங்காவில் ஓடும்போது கடிகாரம் 164 காட்டியது. பயந்து நின்றுவிட்டேன். கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன்: 112. மறுபடி ஓடி, இந்த முறை காலடிகளை எண்ணினேன். நிமிடத்துக்கு 164! இது என் இதயத்தை விட்டுவிட்டுக் காலை எண்ணுகிறது.

"அருளு, இன்னா கைல பச்ச வெளக்கு எரிஞ்சிகினு கீது? சிக்னல் போட்டாதான் ஓடுவியா?" என்றான் கூட ஓட வந்த நண்பன் வேதமாணிக்கம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். போன வருடம் முதியோர் ஓட்டத்தில் முதல் பரிசு. இந்த வருடமும் அதே நினைப்பு. இரண்டாவது சுற்றிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது. வெயில் என்றான்.

ஜூன் 12, வியாழன்

மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, இறுக்கிக் கட்டினேன். சரியாகிவிட்டது. விரலால் எண்ணியதற்கும் கடிகாரம் காட்டியதற்கும் இரண்டு துடிப்புதான் வித்தியாசம்.

ஜூன் 13, வெள்ளி

ஒரே கையில் சோதித்தால் போதாது என்று வேதமாணிக்கத்துக்குக் கட்டிவிட்டேன். பூங்கா பெஞ்சில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தான். 131. 98. 142. காலை ஆட்டக்கூட இல்லை.

"போலி மாலு நைனா. குட்த்துட்டு துட்ட வாங்கிக்கினு வா."

அவன் சொல்வது சரிதான். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஜூன் 14, சனி

என் கையில் மறுபடி சரியாகவே காட்டுகிறது. விரலில் 72, கடிகாரத்தில் 72.

துறைமுக எடைமேடையில் முப்பத்தொரு வருடம் பரிசோதகனாக இருந்தேன். லாரியின் எடை கணக்கோடு இடித்தால் முதலில் மேடையைச் சந்தேகப்படுவோம். தெரிந்த எடைக்கல்லை வைத்துப் பார்ப்போம். மேடை சரியென்றால், பிறகு லாரியைத்தான் பார்க்க வேண்டும்.

நாளை பூசையில் வேதமாணிக்கத்தின் நாடியைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போது வேதமாணிக்கத்தின் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். "இன்னாடா, பொண்ணு கைய மாறி புட்ச்சிகினு கீற? ரோசி பாத்துகினு கீது!" என்று சத்தமாகச் சிரித்தான்.

எண்ண முடியவில்லை. இரண்டு வேகமாக, ஒன்று காணாமல், பிறகு நான்கைந்து சேர்ந்து. ஒழுங்கே இல்லை.

ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். ஏன் சொல்லல? நான் என்ன டாக்டரா? என் விரல் தப்பா இருந்தா? தப்பா இல்லாம இருந்தா?—

ஜூன் 16, திங்கள்

கடைசி நாள். அட்டைப்பெட்டி, ரசீதுடன் சண்முகவேல் கடை வாசல்வரை போனேன். உள்ளே போகவில்லை. நேராக வேதமாணிக்கம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்: கடிகாரத்தில் பிழையில்லை, ஓடாதே, முதலில் டாக்டரிடம் போய்க் காட்டு.

அவன் முகம் மாறிவிட்டது. "ரேசுல நீ ஜெயிக்க என்னிய வூட்ல குந்த வெக்கப் பாக்கிறியா? வயசானா புத்தி இப்டியா பூடும்?"

வழக்கம்போல மன்னிப்புக் கேட்டுத் திரும்பினேன். படியிறங்கியவன் பின்பக்கமாகச் சுற்றிப் போய், துணி துவைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி பூவம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நட்புக்கு இது துரோகமா? இருக்கலாம்.

ஜூன் 19, வியாழன்

பூவம்மா போன் செய்தார். அழுது ஒருவழியாக அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். இ.சி.ஜி. எடுத்ததும் படுக்கவைத்துவிட்டார்கள். துடிப்பு தாறுமாறாம். இப்படியே விட்டிருந்தால் ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கலாம் என்றார்களாம். மாத்திரை, ஓய்வு. ஓட்டம் கிடையாது.

"அவரு உங்க மேல ரொம்ப கோவமா கீறாருண்ணே" என்றார்.

ஜூன் 21, சனி

பார்க்கப் போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஜூன் 28, சனி

ஓட்டத்துக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப எடுத்துவிட்டேன். ஓடினால் அவன் சொன்னது உண்மையாகிவிடும் என்று தோன்றியது.

ஜூலை 14, திங்கள்

காலை ஐந்தரைக்கு வாசலில் குரல்.

"ஓடத்தான் கூடாதுன்னாங்க. நடக்கலாமாம். வர்றியா, இல்ல பூவம்மா கைல லெட்டர் வாங்கிகினு வரணுமா?"

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே இறங்கினேன். பூங்காவை மூன்று சுற்று நடந்தோம். மாத்திரை கசக்கிறது என்றான். டாக்டருக்குத் தன் பேரன் வயதுதான் இருக்கும் என்றான். எப்போதும்போல அரை அடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். விட்டுவிட்டேன்.